முதல் தண்ணீரோடு நடந்த பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

மறைந்துபோன ஒருவரை நினைவுகூர்ந்து பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். அதனால் அணை கட்டிய பெரிய பொறியாளர் யாரையாவது பற்றிப் பேசுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நான் பேசப்போவது ஒரு மாணவியைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். 2012-ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு வயது 23.

பெயரைச் சொல்லப்போவதில்லை. வானொலியில் பேசட்டுமா என்று அவளுடைய அம்மாவிடம் கேட்கப் போயிருந்தேன். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். ரேடியோவில் பெயர் வந்துவிட்டால் தெரிந்தவர்கள் எல்லாரும் மறுபடியும் துஷ்டி கேட்க வருவார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்து, ஆதியிலிருந்து எடுத்துச் சொல்ல இனிமேல் உடம்பில் தெம்பு இல்லை என்றார். நியாயம்தானே. ஆகவே இந்தப் பேச்சு முழுக்க அவள் 'அந்தப் பிள்ளை'தான். ஊர், தாமிரபரணியிலிருந்து பிரிகிற பாளையங்கால்வாயில், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் ஓர் ஊர். அது போதும்.

அவள் படித்த துறையில் இரங்கல் கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் நல்லவர்கள், உண்மையாகவே அழுதவர்கள். குறை சொல்வது அழகில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒருவர் எழுந்து, இந்தப் பெண் இருந்திருந்தால் கலெக்டராகியிருப்பாள் என்றார். அடுத்தவர் பேராசிரியராகியிருப்பாள் என்றார். ஓர் இளைஞர் மொட்டு, மலர், புயல் என்று கவிதை வாசித்தார். ஆகியிருப்பாள், ஆகியிருப்பாள் என்றே ஒரு மணி நேரம் போயிற்று. இருந்தவரைக்கும் அவள் என்ன செய்தாள் என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்தால் சாலையோரம் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ். அவள் படத்துக்குப் பின்னால் ஏதோ வெளிநாட்டு அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பாணதீர்த்தமும் அகத்தியர் அருவியும் இருக்கிற சீமையில் ஃபிளக்ஸ் அடிப்பவருக்கு வேறு அருவி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பிள்ளை ஒரு காரியத்தைச் செய்துவிட்டுத்தான் போனாள். தாமிரபரணிப் பாசனத்தில் சம்பளம் வாங்கியவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்தும், எனக்குத் தெரிந்து யாரும் செய்யாத காரியம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என்னிடம் பழைய கால்வாய் வரைபடங்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்லி அனுப்ப, ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்: "பழவூர் அணைக்கட்டில் ஷட்டரைத் தூக்கினால், எங்கள் ஊர்க் குளத்துக்கு எத்தனை மணி நேரத்தில் சார் தண்ணீர் வரும்?"

வெளியூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பொதிகை மலையில் பிறக்கிற தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் வெள்ளைக்காரர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. எட்டிலிருந்தும் பிரிகிற கால்வாய்கள் மொத்தம் 11. பாசனம் பெறுகிற நிலம் சுமார் 86 ஆயிரம் ஏக்கர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வருகிற ஆறு என்பதால் கார், பிசானம் என்று இரண்டு நெல் போகம். பாபநாசம் அணையின் 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி என்று காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் பார்க்கிற பழக்கம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் இருக்கிறது. பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, மேலப்பாளையம், பாளையங்கோட்டை என்று ஊருக்குள்ளேயே புகுந்து, வழிநெடுக வயல்களையும் குளங்களையும் நனைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

அவள் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு அத்துபடி. கால்வாயின் அகலம், ஆழம், சரிவு, கரையின் சொரசொரப்பு, இவற்றை மானிங் சூத்திரத்தில் போட்டால் வேகம் வந்துவிடும். வினாடிக்கு இரண்டரை அடி என்று வைத்துக்கொண்டு, பதினைந்து மணி நேரம் என்று சொன்னேன்.

"எங்கள் அப்பா நான்கு நாள் என்கிறாரே சார்" என்றாள்.

அப்பா நாற்றங்கால் போடக் காத்திருப்பவர், காத்திருக்கிறவருக்கு ஒரு நாள் நான்கு நாளாகத்தான் தெரியும் என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. "சரி சார், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நூலகத்தில் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த அன்று காலையில் அந்தப் பிள்ளை பழவூர் அணைக்கட்டில் நின்றாள். கூடத் தம்பி. அவனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அப்பாவுடைய டி.வி.எஸ். 50. அம்மா போட்ட நிபந்தனை இரண்டு: தம்பி இல்லாமல் போகக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை பின்னால் முக்கியமாக வரும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த கால்வாயில் முதல் தண்ணீர் வருவதை எத்தனை பேர் கூடவே நடந்து பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அது ஓடி வராது. ஊர்ந்து வரும். முகப்பில் அழுக்கு நுரை. நுரைக்குள் சருகு, வேப்பங்கொட்டை, எறும்புக் கூட்டம். கோடையில் வெடித்துக் கிடக்கிற மண்ணுக்குள் தண்ணீர் இறங்கும்போது உள்ளே இருந்த காற்று குமிழியாகக் கிளம்பும். அதற்கு ஒரு சத்தம் உண்டு. பொந்துகளில் இருக்கிற தேளும் பூரானும் சுண்டெலியும் தலைதெறிக்க வெளியே ஓடும். அவற்றைக் கொத்துவதற்காகக் கொக்குகளும் மைனாக்களும் தண்ணீருக்கு நான்கு அடி முன்னால் வரிசையாக நடந்து போகும். ஒரு பள்ளம் வந்தால் தண்ணீர் நின்றுவிடும். மணல் அள்ளிய குழி, எருமை புரண்ட பள்ளம், பாலத்துக்கு அடியில் அரித்துப்போன இடம், எல்லாவற்றையும் நிரப்பிய பிறகுதான் அடுத்த அடி வைக்கும். சில இடங்களில் அரை மணி நேரம் நகரவே நகராது. அக்காவும் தம்பியும் கரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இருநூறு பக்கக் கட்டுரை நோட்டு. முதல் பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில், இப்படி எழுதியிருக்கிறாள்: "கடிகாரம் 4 நிமிடம் முன்னே ஓடுகிறது. எல்லா நேரத்திலும் 4 கழித்துக்கொள்ளவும்." அது அவளுடைய அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரம். பட்டை பெரிது என்று ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கட்டியிருந்தாள். நான் எத்தனையோ அளவீட்டுப் புத்தகங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தன் கருவியின் பிழையை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தவர்கள் அதில் குறைவு.

உள்ளே நான்கு பத்தி. இடம், நேரம், கண்டது, யார் சொன்னது. அந்த நான்காவது பத்தியை நிரப்பாமல் அவள் ஒரு வரியையும் விட்டதில்லை. தான் நேரில் பார்த்தது என்றால் 'நான்'. தம்பி பார்த்தது என்றால் 'தம்பி'. மற்றவர்கள் என்றால் பெயர், ஊர், தொழில். ஒரு பக்கத்தை வாசிக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். "9.40. வாழைத்தோட்டத்துக்குத் தெற்கே. தண்ணீர் நிற்கிறது. பள்ளம் ஒரு ஆள் ஆழம். 10.25. இன்னும் நிற்கிறது. நீர்பாய்ச்சி தாத்தா வந்தார். போன வருஷம் இந்தப் பள்ளம் இல்லை என்கிறார். வெற்றிலை கொடுத்தார். நன்றாக இல்லை. 10.50. நகர்ந்தது." பக்கத்தின் ஓரத்தில் வேறு மையில்: "தம்பிக்குப் பரோட்டா 2. நான் கொடுக்க வேண்டும்."

நோட்டு கையில் இல்லாத நேரத்தில் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதியிருக்கிறாள். அவற்றைப் பசை போட்டு அந்தந்தத் தேதிக்கு நேராக ஒட்டியும் வைத்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் தண்ணீர் மேலப்பாளையத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்து எழுத்தின் தொனியே மாறிவிடுகிறது. கோடை முழுவதும் நகரத்துக்குள் கால்வாயில் தேங்கிக் கிடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக் கழிவுநீர், பிளாஸ்டிக், அமலைச் செடி, கோழிக்கடைக் கழிவு. புதுத் தண்ணீர் இவை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு கிழக்கே போகிறது. "நுரை வெள்ளை இல்லை, கறுப்பு. மைனா இல்லை. நாய்தான் முன்னால் போகிறது" என்று எழுதியிருக்கிறாள். நான்காம் நாள் காலையில் அவள் ஊர் மடைக்கு வந்து சேர்ந்தது அந்தக் கறுப்புத் தண்ணீர்தான். கடைமடை ஊர்களில் முதல் தண்ணீரை யாரும் வயலுக்குள் விடமாட்டார்கள். அரை நாளோ ஒரு நாளோ குளத்துக்குப் போகட்டும் என்று ஒதுக்கிவிட்டு, நிறம் தெளிந்த பிறகுதான் வாய்மடையைத் திறப்பார்கள். கால்வாயின் தலைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. நகரத்தில் இருக்கிற நமக்குத் தெரிந்தும் பயனில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். "இன்ஜினியர் கணக்கு 15 மணி. தண்ணீர் கணக்கு நான்காம் நாள்" என்று கட்டம் கட்டி எழுதியிருந்ததை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சூத்திரத்தில் தப்பு இல்லை, அம்மா. அது ஏற்கெனவே நிறைந்து ஓடுகிற கால்வாய்க்கு உரிய கணக்கு. காய்ந்த கால்வாயில் முதலில் படுகை குடிக்க வேண்டும், பள்ளம் நிரம்ப வேண்டும், அதை எந்தச் சூத்திரமும் ஒரு வரியில் சொல்லாது என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள். 'யார் சொன்னது' பத்தியில் என் பெயர், ஊர், தொழில்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அணையில் இருப்பு குறைவாக இருக்கிற வருஷங்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. "முறை நாளை எப்போதிலிருந்து சார் எண்ணுகிறார்கள்?" ஷட்டர் திறந்த நேரத்திலிருந்து என்றேன். "எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதி முறை முடிந்துவிடுகிறதே. அப்படியானால் எங்களுக்கு எண்ணிக் கொடுப்பது பாதி தண்ணீர்தானே?"

நான் எதிர்வாதம் வைத்தேன். ஷட்டரை அடைத்த பிறகும் கால்வாயில் இருக்கிற தண்ணீர் வடிந்து கிழக்கேதான் வரும். தலையில் இழந்ததை வாலில் பெற்றுக்கொள்கிறீர்கள் என்று. இது பாடப்புத்தகத்தில் உள்ள பதில். அந்தப் பிள்ளை இரண்டு பக்கம் தள்ளிக் காட்டினாள். அடைத்த பிறகு ஒவ்வொரு மடையாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். நடுவில் இருக்கிற மடைகள் பகலில் அடைத்தும் இரவில் திறந்தும் இருக்கின்றன. எந்த மடை, எந்தக் காலை, வயலில் எவ்வளவு ஈரம், எல்லாம் இருந்தது. 'யார் சொன்னது' பத்தியில் அந்த வரிகளுக்கெல்லாம் 'நான்' என்றே இருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படிச் செய்தாள் என்பதை அவள் தம்பி சொல்லித்தான் அறிந்தேன்.

எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது அதற்கு அடுத்த பக்கத்தைப் பார்த்துத்தான். இரண்டாவது முறை தண்ணீர் விட்டபோதும் போயிருக்கிறாள். அப்போது படுகை ஈரமாக இருந்தது, பள்ளங்களில் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஊருக்கு வந்துவிட்டது. தன் ஊருக்குச் சாதகமில்லாத அந்தக் கணக்கையும் அதே கையெழுத்தில், அதே நான்கு பத்தியில் எழுதி வைத்திருந்தாள். ஆகவே அவள் கேட்டது இதுதான்: முதல் முறைக்கு மட்டும் நாள் எண்ணிக்கையைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும், அடுத்த முறைகளுக்குப் பழைய கணக்கே போதும். கோரிக்கை என்று கிளம்பினால் எல்லாவற்றையும் கேட்பதுதான் நம் வழக்கம். அளந்து கேட்பவர்கள் அபூர்வம்.

வரலாறு படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவளுடைய தோழிகள் கேட்பார்களாம். ஆய்வுத் தலைப்பு, பழைய காலத்தில் கால்வாய்களை யார் பராமரித்தார்கள் என்பது. குடிமராமத்து பற்றி நிறைய வைத்திருந்தாள். ஊர் கூடிச் செய்துவந்த மராமத்து வேலைக்கு 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள், கட்டாய வேலைச் சட்டம் என்று. வழக்கமாக நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குச் சட்டம் போடும் நிலை ஏன் வந்தது என்பது அவளுடைய கேள்வி. இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை; என் துறை இல்லை.

ஆனால் கன்னடியன் கால்வாய்க் கதையைப் பற்றி எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. பசு நடந்து போன வழியில் கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா? நான் அதைக் கதை என்று தள்ளிவிட்டேன். அவள் கேட்டாள்: "மேய்கிற மாடு மேட்டில் நேராக ஏறுமா சார், பக்கவாட்டில் சுற்றிப் போகுமா?" சுற்றித்தான் போகும். மலைச்சரிவுகளில் மாட்டுத்தடம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கோடு போட்டது போலப் போவதைப் பார்க்கலாம். கால்வாய் வெட்டுகிறவனுக்கும் அந்த மட்டம்தான் வேண்டும். ஆறு இறங்குகிற வேகத்தைவிடக் கால்வாய் மெதுவாக இறங்கினால்தான், போகப்போக ஆற்றைவிட உயரத்தில் இருந்து, தூரத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியும். கருவி இல்லாத காலத்தில் மட்டம் பார்த்தவர்கள் எதைப் பார்த்துப் பழகியிருப்பார்கள் என்று அவள் அந்தக் கதையிலிருந்து யோசித்தாள். நிரூபணம் என்று சொல்லவில்லை. நோட்டில் கேள்விக்குறி போட்டுத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சுபாவம் பற்றி ஒரு சொல். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று கூட்டத்தில் சொன்னார்கள். அமைதி எல்லாம் கிடையாது. பிடிவாதக்காரி. வாங்கிப் போன வரைபடத்தை மூன்று தடவை கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தாள், அதுவும் மடித்த இடத்தில் கிழித்து. என் வீட்டுக்காரி போடுகிற காப்பியில் சீனி அதிகம் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவள்தான். வீட்டுக்காரிக்கு அதனால்தான் அவளைப் பிடித்தது.

இனி, அவள் போன கதை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்பவர்களுக்குப் பயன்படுகிற ஒரு பகுதி அதில் இருக்கிறது.

2012-இல் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது நினைவிருக்கும். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. கடையநல்லூரின் பெயர் நாள்தோறும் நாளிதழில் வந்துகொண்டிருந்தது. தெருத்தெருவாக நிலவேம்புக் கஷாயம் ஊற்றினார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. ஓடுகிற தண்ணீரும் அதற்கு ஆகாது. மூடிவைக்காத டிரம், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், சிரட்டை, இவற்றில் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். கடிப்பதும் பகலில். தண்ணீர் வற்றினாலும் தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். குழாயில் சில நாட்களுக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிற ஊரில் எந்த வீட்டில் டிரம் இல்லை? அவர்கள் வீட்டிலும் இருந்தது.

அவளுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்தது, கஞ்சி கேட்டாள், வீட்டில் எல்லாரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான் கண்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குவது அப்போதுதான். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், எழுந்திருக்க முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவளுடைய அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வாக்கியம் அவருக்காக. மறுநாள் இரவு போய்விட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து சில வாரங்களுக்குப் பிறகு, அவளுடைய அப்பா மஞ்சள் பையில் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். பத்து மரக்கால் விதைப்பாடு, அதாவது பத்து மரக்கால் நெல் விதைக்கிற அளவு நிலம், வைத்திருக்கிற சம்சாரி. அதிகம் பேசாதவர். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று வைத்துவிட்டுப் போனார். நான்கு பத்திகளையும் அட்டவணையாகப் படி எடுத்து, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்பது இப்போது அவருக்கு மனப்பாடம். பழவூரிலிருந்து ஒவ்வொரு பாலத்துக்கும், மடைக்கும் தண்ணீர் வந்த நேரத்தைப் பேப்பர் பார்க்காமல் சொல்வார். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அந்த அட்டவணையோடு போய், முதல் முறைக்கு நாள் கணக்கை வந்துசேர்ந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள் என்று மனு கொடுத்துவருகிறார். ஒரு வறட்சி வருஷத்தில் இரண்டு நாள் கூட்டிக் கொடுத்தார்கள். அட்டவணையைப் பார்த்துக் கொடுத்தார்களா, சும்மா கொடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் போகம் அவருக்குப் பயிர் கருகவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கால்வாயில் சில இடங்களில் கரையும் படுகையும் மாறியிருக்கின்றன. பழைய பள்ளங்கள் தூர்ந்து புதிய பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. ஆகவே அவளுடைய நேரங்கள் இனி அப்படியே பொருந்தாது. மறுபடி ஒருவர் நடக்க வேண்டும். தம்பி இப்போது வேலைக்குப் போகிறான், ஆனாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அவளுடைய நோட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அம்மாவின் நிபந்தனையைச் சொன்னேன் அல்லவா? அதனால் இரவு நேரங்கள் அவளிடம் இல்லை. முதல் இரவை வயல் காவலுக்கு இருந்தவர்களிடமும் நீர்பாய்ச்சிகளிடமும் கேட்டு ஓரளவு நிரப்பிவிட்டாள். இரண்டாம் இரவில் தண்ணீர் நகரத்துக்குள் இருந்தது. மறுநாள் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் கால்வாயை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய், ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்டிருக்கிறாள். இத்தனை ஆயிரம் பேர் குடியிருக்கிற இடத்தில் பார்த்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. ஒரு பக்கம் முழுக்க இடத்தின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. நேரம் காலி, கண்டது காலி.

எனவே ஒரு விண்ணப்பம். காருக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். திறக்கிற தேதி நாளிதழில் வரும், இந்த நிலையத்திலும் சொல்வார்கள். பாளையங்கால்வாய்க் கரையில் வீடோ கடையோ வைத்திருக்கிற நேயர்கள், இரவில் கண் விழிக்கிற பழக்கம் உள்ளவர்கள், அந்த இரண்டாம் இரவில் தயவுசெய்து ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பாலத்தில் எட்டிப் பாருங்கள். காய்ந்த படுகையில் நுரை வந்து தொட்ட நேரத்தைக் குறித்து, நிலையத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். உங்கள் கடிகாரம் முன்னே ஓடுகிறதா பின்னே ஓடுகிறதா என்பதையும் எழுதிவிடுங்கள். இடம், நேரம், கண்டது, அத்தோடு உங்கள் பெயர், ஊர், தொழில். யார் சொன்னது என்று இல்லாத வரியை அந்த அட்டவணையில் சேர்ப்பதில்லை.

வணக்கம்.